வேலை முடிச்சுட்டு ஈவினிங் கிளாஸ் வர்றவங்களுக்கு எப்படி நடத்தறது? நாலு வழி, ஒரு ஒப்பீடு

ஈவினிங் பேட்ச் எடுக்க ஆரம்பிக்கிற டீச்சருங்க கிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது. "எதிர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு 28ல இருந்து 50 வயசு வரைக்கும் இருக்கும், பகல் முழுக்க வேலை பாத்துட்டு வர்றாங்க, போர்டுல நடத்துனா கண்ணு சொக்குது, குரூப்பா பிரிச்சு விட்டா 'நீங்களே நடத்திடுங்க மேடம்'ங்கறாங்க, வீடியோ அனுப்புனா பாக்கறதே இல்ல, நான் எதைத்தான் பண்றது?"

நான் திருப்பூர்ல அக்கவுண்ட்ஸ், டேலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்), ஜிஎஸ்டி சொல்லித் தர்ற டிப்ளமோ கிளாஸ் எடுக்கறேன். பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறவங்க, ஸ்டோர் பாத்துக்கறவங்க, குழந்தைங்க பெருசானதுக்கு அப்புறம் திரும்ப வேலைக்குப் போகணும்னு வர்றவங்க, இருபது வருஷமா கையால பேரேடு எழுதிட்டு இப்ப சாஃப்ட்வேர் தெரியலன்னு வர்ற அண்ணனுங்க, எல்லாரும் ஒரே ரூம்ல இருப்பாங்க. கம்யூனிட்டி காலேஜ், பாலிடெக்னிக் பார்ட் டைம் டிப்ளமோ, திறந்தநிலைப் பல்கலைக்கழக சென்டர்னு எங்க போனாலும் கிட்டத்தட்ட இதே கூட்டம்தான். சென்னையில மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜ் 1996ல ஆரம்பிச்சப்போ இருந்தே இந்த மாதிரி இடங்களோட நோக்கம், படிப்பை விட்டவங்களை ஒரு வேலைக்குத் தயார் பண்றதுதான். அதனால "கிளாஸ் கலகலப்பா இருந்துச்சா"ங்கறதை வச்சு நான் அளக்கறதில்ல. வீட்டுக்குப் போறப்போ நேத்து செய்யத் தெரியாத ஒரு வேலை இன்னிக்கு கைக்கு வந்துச்சா, அதுதான் கணக்கு.

## எதை வச்சு எடை போடறது

நாளைக்கே உதவுமா. பெரியவங்க கல்வி பத்தி அமெரிக்காவுல நிறைய எழுதுன மால்கம் நோல்ஸ் சொன்னதுல ரெண்டு விஷயம் எங்க கிளாஸுக்கு அப்படியே பொருந்துது. ஒண்ணு, இதை எதுக்குப் படிக்கறோம்னு தெரிஞ்சா தான் பெரியவங்க படிப்பாங்க. இன்னொண்ணு, அவங்க பாடத்தைப் பாட வரிசையில யோசிக்க மாட்டாங்க, தனக்கு இருக்கற பிரச்சனையில இருந்துதான் யோசிப்பாங்க.

மானம். இதைத்தான் நிறைய டீச்சருங்க கணக்குலயே எடுத்துக்கறதில்ல. சின்னப் பசங்களுக்கு தப்பா பதில் சொன்னா ரெண்டு நிமிஷம் சிரிப்பு, அவ்வளவுதான். 42 வயசுல ஒருத்தர், அவர் செக்ஷன்ல எட்டு பேருக்கு வேலை சொல்றவர், இங்க வந்து போர்டு முன்னாடி நின்னு சதவீதம் போடத் தெரியாம முழிச்சாருன்னா அடுத்த நாள் வர மாட்டாரு, காரணமும் சொல்ல மாட்டாரு, "ஓவர்டைம் மேடம்"னு ஒரு மெசேஜ் வரும், அப்புறம் அதுவும் வராது.

களைப்பு. ராத்திரி ஏழு மணிக்கு மேல எவ்வளவு நேரம் ஒருத்தர் சும்மா உக்காந்து கேக்க முடியும்னு யோசிச்சுக்கங்க.

லெவல் வித்தியாசம். பற்று வரவு புதுசா கேக்கறவங்களும் ஐந்தொகையே போட்டவங்களும் ஒரே பெஞ்ச்ல.

பரீட்சை, டீச்சரோட நேரம். சர்டிபிகேட் வாங்கணும், சிலபஸ் முடியணும். நம்மள்ல பலருக்கு மணிக்கு இவ்வளவுன்னுதான் சம்பளம், வீட்ல உக்காந்து தயார் பண்ற நேரத்துக்கு யாரும் காசு தர்றதில்ல, அதையும் எடுத்துக்கிட்டுத்தான் முடிவு பண்ணணும்.

## வழி 1: போர்டுல நடத்தி நோட்ஸ் குடுக்கறது

இதை ஒரேயடியா மட்டமா பேசறவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. ஒரு விஷயத்தை முதல் தடவை கேக்கறவங்களுக்கு, படிப்படியா போட்டுக் காட்டுன கணக்கு மாதிரி உதவறது வேற எதுவும் கிடையாது. கல்வி உளவியல் ஆய்வாளர் ஜான் ஸ்வெல்லரும் அவரோட சேர்ந்தவங்களும் 1980கள்ல இருந்து இதைத்தான் சோதிச்சுக் காட்டியிருக்காங்க. ஒண்ணுமே தெரியாதவங்க கையில நேரா கணக்கைக் குடுத்தா வழி தேடறதுலயே மூளை களைச்சுப் போயிடுது, போட்டுக் காட்டுனதைப் பாத்துப் படிச்சா மனசுல நிக்குது. ஆனா கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு இதே முறை இழுவையா ஆயிடும், அதையும் அவங்களே சொல்லியிருக்காங்க. பரீட்சைக்கும் இதுதான் சுருக்கு வழி, நம்ம தயாரிப்பு நேரமும் கம்மி. பெரியவங்களுக்கும் இது பழக்கப்பட்டது, "டீச்சர் நடத்துனாங்க, நோட்ஸ் எழுதுனோம், குடுத்த காசுக்குப் படிச்சோம்"னு ஒரு நிறைவு.

இதுல மறைஞ்சிருக்கற செலவு அமைதி. தலையாட்டுவாங்க, "புரிஞ்சுதுங்களா"ன்னா "புரிஞ்சுதுங்க"ன்னுவாங்க. மானம் தடுக்கறதால கேக்க மாட்டாங்க. பரீட்சை வர்ற வரைக்கும் யாருக்கு என்ன புரியலன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. 2014ல ஸ்காட் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைச் சேத்துப் பாத்து, லெக்சர் மட்டும் கேட்ட கிளாஸ்ல ஃபெயில் ஆகற வாய்ப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குன்னு சொன்னாங்க. அது காலேஜ் சயின்ஸ், இன்ஜினியரிங், கணக்கு கிளாஸ் பத்தின ஆய்வு, நம்ம ஈவினிங் பேட்ச்சுக்கு அந்த நம்பரை அப்படியே தூக்கிட்டு வரக் கூடாது, ஆனா திசை அதுதான்.

எப்ப நல்லது: பாடம் புதுசா தொடங்கறப்போ, சட்டம் மாறுனப்போ, பரீட்சைக்கு முந்தின ரெண்டு வாரம்.

## வழி 2: நிஜ வேலையைக் கையில குடுத்து செய்ய வைக்கறது

எங்க கிளாஸ்ல இதுக்குப் பேரு பில் கட்டு. ஒரு சின்ன நிட்டிங் யூனிட்டோட ஒரு மாச பில்லுங்க மாதிரி நானே தயார் பண்ணுன கட்டு, கிளிப் போட்டு ரெண்டு பேருக்கு ஒண்ணு. உள்ள நூல் வாங்குன பில், டையிங் ஜாப் ஒர்க் பில், ஆபீஸ் ஃபங்ஷனுக்கு சாப்பாடு வாங்குன பில், நம்ம ஜிஎஸ்டி நம்பரே போடாம வந்த பில் எல்லாம் கலந்து கிடக்கும். கூடவே ஜிஎஸ்டி போர்ட்டல்ல மாசா மாசம் 14ஆம் தேதி வர்ற 2பி ஸ்டேட்மென்ட் (சப்ளையருங்க நம்ம பேர்ல காட்டுன பில்லுங்களோட பட்டியல்) மாதிரி ஒரு தாள், அதுல வேணும்னே ஒரு பில் விட்டுப் போயிருக்கும். வேலை இதுதான்: எதுக்கெல்லாம் கிரெடிட் (வாங்கறப்போ குடுத்த வரியை நாம கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கறது) எடுக்கலாம், எதுக்கு எடுக்கக் கூடாது, டேலில எப்படி என்ட்ரி, 3பிங்கற ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல என்ன நம்பர் போகும்.

அந்தக் கட்டுல ஒரு நூல் பில்லு இருக்கு. சப்ளையரோட ஜிஎஸ்டி நம்பர் 29ல ஆரம்பிக்குது, சரக்கு இங்க திருப்பூருக்கு வந்திருக்கு, ஆனா வரியை, ஒரே மாநிலத்துக்குள்ள விக்கறப்போ போடற மாதிரி, சிஜிஎஸ்டி (மத்திய அரசு பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசு பங்கு)ன்னு ரெண்டா பிரிச்சுப் போட்டிருப்பாங்க. முதல் ஐஞ்சு நிமிஷம் யாருக்கும் கண்ணுல படாது. அப்புறம் ஒரு அக்கா, செக்கிங்ல பீஸ் பாத்துப் பாத்துப் பழகுன கண்ணு, "ஏனுங் மேடம், நம்மளுது 33ல தான ஆரம்பிக்கும், இது 29ன்னு இருக்குதுங்களே?"ன்னு கேட்டாங்க. பக்கத்துல ஸ்டோர்ல வேலை பாக்கற தம்பி, "அது கர்நாடகாக்கா, எங்க லோடு பில்லுல பாத்திருக்கேன்"ன்னான். அப்ப ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விக்கறதுக்கான வரி) தான வரணும்னு மூணாவது ஆள். நான் வாயே திறக்கல. நம்பரோட முதல் ரெண்டு இலக்கம் மாநிலம், அடுத்த பத்து பான் நம்பர்னு நான் போர்டுல எழுதிப் போட்டிருந்தா அது நோட்டுக்குள்ளயே தூங்கிட்டு இருந்திருக்கும். அடுத்த வாரம் அந்த அக்கா கம்பெனில வந்து விழுந்த பில்லையெல்லாம் ஒவ்வொண்ணா முதல் ரெண்டு நம்பர் பாக்க ஆரம்பிச்சுட்டேன்னு வந்து சொன்னாங்க. சூப்பர்வைசர் கூட "யாரு சொல்லிக் குடுத்தா"ன்னு கேட்டாராம். அவங்க முகத்துல அப்ப இருந்த பெருமைக்காகவே இன்னும் நூறு கட்டு தயார் பண்ணலாம்.

ஆனா செலவு நிறைய இருக்கு, சொல்லிடறேன்.

நல்ல ஒரு கட்டு தயார் பண்ண ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும், அதுவும் ஒரு தடவையோட முடியாது. 2025 செப்டம்பர் 22ல வரி விகிதம் மாறுனப்போ, ரெடிமேட் துணிக்கு 5 சதவீதத்துக்கு இருந்த 1000 ரூபா வரம்பு 2500 ஆச்சு, 12 சதவீதம் போட்டிருந்த பழைய பில்லுங்களை எல்லாம் தூக்கிட்டு புதுசா போட வேண்டியிருந்துச்சு. அடுத்தது, ஆர்வத்துல மாணவருங்க அவங்க கம்பெனி பில்லையே போட்டோ எடுத்துட்டு வருவாங்க, கண்டிப்பா வேணாம்னுடுங்க, ரேட்டு வெளிய போனா அவங்க வேலைக்கே ஆபத்து. நம்பரு, பேரு எல்லாம் மாத்தி நாமளே தான் செய்யணும். மூணாவது, சிலபஸ் மெதுவாத்தான் நகரும்.

நாலாவதுதான் முக்கியம். அடிப்படை இல்லாதவங்க இதுல மூழ்கிடுவாங்க. கனடாவுல மெக்மாஸ்டர் மெடிக்கல் ஸ்கூல் 1969ல பிரச்சனையை முன்னாடி வச்சு பாடம் நடத்தற முறையைத் தொடங்குனப்போ எதிர்ல இருந்தவங்க காலேஜ் படிப்பைத் தாண்டி வந்து டாக்டராகப் போறவங்க, தானா தேடிப் படிக்கப் பழகுனவங்க. ப்ளஸ் டூவோட நிறுத்தி பதினஞ்சு வருஷம் ஆனவங்களுக்கு அதையே அப்படியே தூக்கி வச்சா "எனக்கு இது வராது"ன்னு முடிவு கட்டிடுவாங்க.

இன்னொரு சின்ன விஷயம், ஒரு சிஸ்டத்துக்கு ரெண்டு பேர்னா தெரிஞ்சவர் கையிலதான் எப்பவும் மவுஸ் இருக்கும், தெரியாதவர் வேடிக்கை பாப்பாரு. எங்க கிளாஸ்ல கம்மியா தெரிஞ்சவர் கையில தான் மவுஸ், மத்தவர் வாயால மட்டும் சொல்லலாம்னு வச்சதுக்கு அப்புறம் இது சரியாச்சு. தெரிஞ்சவருக்கும் நல்லது, வாயால சொல்றப்போ தான் அவருக்கே எங்க சந்தேகம்னு தெரியும்.

எப்ப நல்லது: அடிப்படை ஒரு மாசம் ஓடுனதுக்கு அப்புறம், வேலை அனுபவம் உள்ளவங்க பாதிப் பேராவது இருந்தா.

## வழி 3: கேள்வி போட்டு பக்கத்து ஆளோட பேச வைக்கறது

ஹார்வர்டுல இயற்பியல் நடத்துன எரிக் மசூர் 1990கள்ல இதைப் பிரபலமாக்குனாரு. ஒரு கேள்வி, நாலு பதில், ஒவ்வொருத்தரும் தனியா ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும், அப்புறம் பக்கத்துல இருக்கறவரோட பேசணும், திரும்ப தேர்ந்தெடுக்கணும். நாங்க பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி அ, ஆ, இ, ஈ எழுதி வச்சிருக்கோம், எல்லாரும் ஒரே நேரத்துல நெஞ்சுக்கு முன்னாடி தூக்கணும், டீச்சருக்கு மட்டும் தெரிஞ்சா போதும். கை தூக்கச் சொன்னா பக்கத்துல பாத்துட்டு தூக்குவாங்க, அட்டையில அந்தப் பிரச்சனை இல்ல, மானத்துக்கும் பங்கம் இல்ல.

கேள்வி நல்லா இருக்கணும், அங்கதான் இருக்கு சூட்சுமம். "சப்ளையருக்கு 180 நாளைக்குள்ள பணம் குடுக்கல, எடுத்த கிரெடிட் என்ன ஆகும்?"னு கேட்டா ரூம் ரெண்டா பிரியும். போனது போனதுதான்னு ஒரு கூட்டம், ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு கூட்டம். திரும்பக் கட்டணும், வட்டியும் சேரும், பணம் குடுத்ததுக்கு அப்புறம் மறுபடி எடுத்துக்கலாம்ங்கற சரியான பதிலுக்கு அவங்களே பேசிப் பேசி வர்றப்போ தூக்கம் எங்க போச்சுன்னே தெரியாது. தயாரிப்பு நேரம் ரொம்பக் கம்மி, ஒரு கிளாஸுக்கு ரெண்டு மூணு நல்ல கேள்வி போதும்.

மறைஞ்ச செலவு ரெண்டு. ஒண்ணு, "எங்க கம்பெனில இப்படித்தான் பண்ணுவோம்"ங்கற பேச்சு. வயசுல மூத்தவர் அடிச்சுச் சொன்னா தப்பான பழக்கமும் சட்டம் மாதிரி பரவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் கடைசியில விதி என்னங்கறதை நீங்க போர்டுல எழுதி முடிச்சே ஆகணும், "அண்ணே, நடைமுறையில அப்படி ஓடுதுங்க சரி, நோட்டீஸ் வந்தா இதைத்தான் கேப்பாங்க"ன்னு மரியாதையாவே சொல்லலாம். ரெண்டு, ஒரே கம்பெனில மேல இருக்கறவரும் கீழ இருக்கறவரும் ஒரே பேட்ச்ல இருந்தா கீழ இருக்கறவர் மறுத்துப் பேசவே மாட்டாரு. முதல் வாரமே யார் எங்க வேலைன்னு கேட்டுட்டு தள்ளித் தள்ளி உக்கார வச்சுடுங்க.

எப்ப நல்லது: எந்த நாளும். ஆனா இது மட்டுமே தனியா ஒரு முழு கிளாஸ் ஆகாது.

## வழி 4: வீடியோ முன்னாடியே அனுப்பி, கிளாஸ்ல கணக்கு

அமெரிக்காவுல கொலராடோல ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ்னு ரெண்டு கெமிஸ்ட்ரி டீச்சருங்க 2007 வாக்குல பாடத்தை ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சது, கிளாஸுக்கு வர முடியாமப் போன பசங்களுக்காகத்தான். அப்புறம்தான் எல்லாருக்கும்னு ஆச்சு. நம்ம ஆளுங்களுக்கு அந்த முதல் காரணம்தான் பொருந்தும்னு நான் நினைக்கறேன்.

ஏன்னா வீட்ல பாருங்கன்னு சொல்றப்போ அவங்க கிட்ட இல்லாத ஒரு மணி நேரத்தைக் கேக்கறோம். ஒம்பதரைக்கு வீட்டுக்குப் போயி சமையல், பாத்திரம், காலையில அஞ்சு மணிக்கு தண்ணி, எட்டரைக்கு கம்பெனி. போனும் பல வீட்ல ஒண்ணே ஒண்ணு தான், ராத்திரி அது பிள்ளைங்க கையில. பாதிப் பேரு பாக்காம வருவாங்க, அவங்களுக்காக நீங்க திரும்ப நடத்துவீங்க, கஷ்டப்பட்டு பாத்துட்டு வந்தவங்க "அப்ப எதுக்கு பாக்கச் சொன்னீங்க"ன்னு மனசுக்குள்ள நினைப்பாங்க, அடுத்த வாரம் அவங்களும் பாக்க மாட்டாங்க.

எப்ப நல்லது: சனி ஞாயிறு மட்டும் நடக்கற பேட்ச், வாரா வாரம் ஷிப்ட் மாறறவங்க, டேலில எந்த இடத்துல எதை அமுக்கணும்ங்கற மாதிரி திரும்பத் திரும்ப பாக்க வேண்டிய விஷயம். அதுவும் அஞ்சு ஆறு நிமிஷத்துக்கு மேல வேணாம்.

## ஒரே பார்வையில

| | போர்டு, நோட்ஸ் | பில் கட்டு | கேள்வி, பேச்சு | முன்கூட்டி வீடியோ |
|---|---|---|---|---|
| நாளைக்கு வேலையில உதவுமா | கம்மி | ரொம்ப | ஓரளவு | பாத்தா உதவும் |
| களைப்பு | தூக்கம் வரும் | கை ஓடும், முழிப்பு இருக்கும் | நல்லா முழிப்பு | வீட்டுக்குத் தள்ளிப் போடுது |
| மானம் | பத்திரம், ஆனா கேள்வியே வராது | ஜோடி சரியா இருந்தா பத்திரம் | அட்டை இருந்தா பத்திரம் | பத்திரம் |
| லெவல் வித்தியாசம் | சமாளிக்காது | ஓரளவு சமாளிக்கும் | நல்லா சமாளிக்கும் | நல்லா சமாளிக்கும் |
| பரீட்சை | நல்லது | மெதுவு | நல்லது | ஓரளவு |
| நம்ம நேரம் | கம்மி | ரொம்ப அதிகம் | கம்மி | முதல்ல அதிகம் |

## அப்ப எதை எடுக்கறது

வார நாள்ல ரெண்டு மணி நேர ஈவினிங் கிளாஸ்னா என் ஓட்டு பில் கட்டுக்குத்தான், ஆனா அதுக்கு முன்னாடி இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் போர்டுல ஒரு கணக்கை முழுசா போட்டுக் காட்டணும், நடுவுல எங்க சறுக்குவாங்கன்னு தெரிஞ்ச இடத்துல ஒரு அட்டைக் கேள்வி. வீடியோ, வர முடியாதவங்களுக்கு மட்டும். மாசா மாசம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாள், ஏற்கனவே அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவங்க அந்த ரெண்டு மூணு நாள் வரவே மாட்டாங்க, திட்டி பிரயோஜனம் இல்ல, அந்த நாளுக்கு புதுப் பாடம் வைக்காம ரிவிஷன் வச்சுட்டு வீடியோவை அனுப்பிடுங்க.

பேட்ச்ல எல்லாருமே புதுசுன்னா முதல் மாசம் போர்டும் அட்டையும் போதும், கட்டுக்கு அவசரப்படாதீங்க. எல்லாருமே அனுபவசாலின்னா தலைகீழா பண்ணுங்க, கட்டை முதல்ல குடுத்துடுங்க, அவங்க மாட்டிக்கிட்ட இடத்துல மட்டும் போர்டுக்குப் போங்க.

எலக்ட்ரிகல், வெல்டிங் மாதிரி தொழில் எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க "நீங்களே கண்டுபிடிங்க"ங்கறது உயிரோட விளையாடறது. சப்ளை இருக்கற பேனல் முன்னாடி முதல்ல செஞ்சு காட்டறது, அப்புறம் மெயினை ஆஃப் பண்ணிட்டு கூட நின்னு செய்ய வைக்கறது, கடைசியில தான் பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்றது, இதுதான் அங்க வரிசை. நோயாளிகளைப் பாத்துக்கற கோர்ஸுக்கு ஆளுக்கு ஒரு வேஷம் குடுத்து நடிக்க வைக்கறது பில் கட்டு இடத்துல உக்காரும், கட்டில்ல இருந்து ஒருத்தரை எழுப்பி நாற்காலில உக்கார வைக்கறதை நோட்ஸ் எழுதிக் கத்துக்க முடியாது.

வழி 2, வழி 3 எடுக்கறவங்க ஒரு புகாருக்குத் தயாரா இருக்கணும்: "மேடம் நடத்தவே மாட்டேங்கறாங்க, எங்களையே செய்யச் சொல்றாங்க." இதுல மாணவருங்க மேல தப்பு இல்ல. 2019ல ஹார்வர்டு இயற்பியல் கிளாஸ்ல லூயி டெலோரியே குழு சோதிச்சப்போ, தானே கணக்கு போட்ட பசங்க டெஸ்ட்ல நல்லா பண்ணாங்க, ஆனா நல்லா கத்துக்கிட்ட மாதிரி உணர்ந்தது லெக்சர் கேட்டவங்க தான். கஷ்டப்பட்டுக் கத்துக்கறப்போ "எனக்கு வரல"ன்னு தோணும், சுகமா கேக்கறப்போ "புரிஞ்சுருச்சு"ன்னு தோணும். இதை கோர்ஸ் ஆரம்பத்துலயே மறைக்காம சொல்லிடணும்னு அந்தக் குழுவே சொல்லுது. நான் சொல்றதோட நிறுத்தறதில்ல, முதல் நாள் ஒரு சின்ன பில்லைக் குடுத்து என்ட்ரி போடச் சொல்லி தாளை வாங்கி வச்சுக்கறேன். ரெண்டாவது மாசம் அதையே திருப்பி அவங்கவங்க கையில குடுத்து, எங்கெல்லாம் தப்பு இருக்குன்னு நீங்களே சிவப்பு மையில போடுங்கன்னு சொல்வேன், யார் தாளையும் யாரும் பாக்கக் கூடாது. அதுக்கப்புறம் புகார் வந்ததில்ல.

மேனேஜ்மென்ட் பக்கம் இருந்தும் ஒண்ணு வரும், கிளாஸ் ஒரே சத்தமா இருக்குன்னு. ஒரு நாள் அவங்களையே கூப்பிட்டு ஒரு கட்டைக் கையில குடுத்து உக்கார வைங்க, விளக்கம் சொல்றதை விட அது வேலை செய்யுது. தயாரிப்பு நேரத்துக்கு மாசம் ரெண்டு மணி நேரமாவது சம்பளம் கேளுங்க, தனியா கேக்காம அந்த சென்டர்ல இருக்கற டீச்சருங்க எல்லாரும் சேந்து கேளுங்க, கட்டுகளையும் ஆளுக்கு ஒண்ணா தயார் பண்ணி மாத்திக்கங்க. வருஷத்துக்கு நாலஞ்சு கட்டு ஒரு ஆளே செய்யறது ரொம்ப நாளைக்கு ஓடாது.